என் கைக்குத் தெரிந்த அளவு

மார்ச் 3, திங்கள்

பேக்கரிக்காரர் தன் நாயைப் பழக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்து விட்டார். பெயர் ரஸ்க், நிறத்துக்கு வைத்த பெயர். சைக்கிளைக் கண்டால் போதும், பாய்ந்துவிடுகிறது. போன வாரம் தபால்காரர் விழுந்து முழங்கை எலும்பில் விரிசல். நகராட்சியிலிருந்து ஆள் வந்து ஆறு வாரம் கெடு கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் திருந்தாவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்களாம்.

"இவன் இல்லாம கடைக்குள்ள என்னால நிக்க முடியாது, மாஸ்டர்." ஆள் மலை மாதிரி இருக்கிறார், குரல் உடைந்துவிட்டது.

ஆறு வாரத்தில் பிஸ்கட் கொடுத்துத் திருத்த முடியாது. கழுத்தில் கட்டி ரிமோட்டால் மின்சாரம் கொடுக்கும் ஷாக் பட்டைதான் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

வழக்கம்போல் பட்டையை முதலில் என் இடது மணிக்கட்டில் கட்டி ரிமோட்டை அழுத்தினேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் விதி. எனக்குச் சுருக்கென்று படுகிற நம்பரைத் தாண்டி எந்த நாய்க்கும் வைத்ததில்லை. தன் கையே தனக்குதவி.

முன்பெல்லாம் இரண்டிலேயே சுருக்கென்னும். இன்று மூன்றில்கூட ஒன்றுமில்லை. ஐந்தில் லேசாக. மிஷினுக்கு வயசாகிவிட்டது, என்னைப் போலவே. ரஸ்க்குக்கு ஐந்து.

மார்ச் 6, வியாழன்

தங்கை தடுப்பூசி போட வந்தாள். கால்நடை டாக்டர். எங்கள் நாய்ப் பயிற்சியாளர் சங்கத்தில் யாரும் ஷாக் பட்டை போடக் கூடாது என்று 23ஆம் தேதி தீர்மானம் வருகிறதே, அதற்கு மூல காரணமே இவள் எழுதிய கடிதம்தான். எதிர்த்துப் பேசப்போவது நான். நல்ல குடும்பம்!

அவள் நிற்கும்போதே ரஸ்க் சைக்கிளைப் பார்த்துப் பாய்ந்தது. அழுத்தினேன். வீலென்று கத்தி உருண்டது.

"அண்ணா, அது சுருக்குன்னதுக்குக் கத்துற கத்தல் இல்ல."

"என் கையில பாத்துட்டுதான் போட்டேன்."

"உன் கை என்ன தராசா?"

கோபம் தலைக்கேறிவிட்டது. "இதக் கொன்னாதான் உனக்கு நிம்மதியா?" என்று கேட்டுவிட்டேன். சாப்பிடாமலே போய்விட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

மார்ச் 8, சனி

சைக்கிள் போனது. ரஸ்க் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கைக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஐந்திலும் கையில் ஒன்றும் தெரியவில்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. ஏழில் ஏதோ பட்ட மாதிரி இருந்தது, ஏழு வைத்தேன்.

சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்னொன்று எங்கே கழன்றதென்றே தெரியவில்லை. "நாய் வால நிமித்துறவருக்குக் கால்ல செருப்பு இருக்கான்னு தெரியல" என்று மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 13, வியாழன்

தலையைக் கோதிக்கொள்ளக் கையைத் தூக்கினேன். ரஸ்க் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்து, அந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. பேக்கரிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னதக் கேக்குது மாஸ்டர். ஆனா இது என் நாய்தானா?"

போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். ஆகுமா?

மார்ச் 17, திங்கள்

காலையில் அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்தேன். மனைவி அலறியபோதுதான் பார்த்தேன், விரல்களில் கொப்புளம். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். கொஞ்ச நேரம் காத்திருந்து, "எப்ப குத்தப் போறீங்க?" என்றேன். கண்ணைத் திறந்தால் இடது மணிக்கட்டில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள்.

"சர்க்கரை ரொம்ப நாளா இருந்திருக்கு. நரம்பு செத்துக்கிட்டு வருது. கால் மோசம், கையும் போகுது."

அவர் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். எனக்குள் ஏழு, ஏழு என்று ஒரே சத்தம்.

ஐயோ. மிஷின் கெடல. நான்தான் கெட்டுட்டேன். எத்தன நாளா? போன வருஷம் வந்த கறுப்பு நாய் — அதுக்கு நாலு வெச்சேனே. அதுக்கு முன்னாடி வந்ததுங்களுக்கு?

மார்ச் 18, செவ்வாய்

கழுத்தில் எனக்கு இன்னும் உணர்ச்சி இருக்கிறது, டாக்டர் குத்தியபோது பட்டது. பட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ரிமோட்டை மனைவியிடம் கொடுத்தேன். இரண்டிலேயே சுருக்கென்றது, அந்தக் காலத்து மாதிரியே.

"ஏழு வை."

"என்னால முடியாதுங்க."

"நாய்க்கு நான் வெச்சேனே. வை."

வைத்தாள். பிறகு நான் தரையில் கிடந்தேன். நாக்கைக் கடித்திருந்தேன். பட்டையைக் கழற்ற முடியாமல் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு எட்டு நாள் பிந்தித் தெரிந்திருக்கிறது.

மார்ச் 19, புதன்

பேக்கரிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க தெரியாம பண்ணிட்டீங்க. அது அவனுக்குத் தெரியாதே, மாஸ்டர்."

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என் விரல்களில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் சோறு போட்டாள். இனி ரஸ்க்கை அவள் பார்த்துக்கொள்வாள். கெடு அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

சங்கக் கூட்டம். ஒவ்வொரு வருஷமும் மேடையில் பட்டையைக் கையில் கட்டி அழுத்திக் காட்டுவேன், கை தட்டுவார்கள். இன்றும் கட்டினேன். தலைவரைப் பத்து வைக்கச் சொன்னேன். விரல்கள் துடித்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல. இந்தக் கைய நம்பித்தான் உங்க முன்னாடி வாய் கிழியப் பேசினேன்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "உங்க நரம்பு செத்ததுக்குப் பட்டை என்ன பண்ணும்? எத்தன நாய் இதால உயிரோட இருக்கு!" என்றார். நியாயமான கேள்வி. "என் கைய விட்டா எனக்கு இருந்த இன்னொரு அளவு நாயோட கத்தல்தான். அத நான் கேக்கல" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

ஏப்ரல் 2, புதன்

இருபதடி தூரத்தில் சைக்கிள், தங்கை கையில் ரொட்டி. ரஸ்க் தின்றது. நான் வேலிக்கு வெளியே நின்றேன்.

ஏப்ரல் 12, சனி

நகராட்சி ஆள் வந்தார். ஏழெட்டு சைக்கிள்களை விட்டுப் பார்த்தார்கள். ரஸ்க் நடுங்கியது, ஆனால் உட்கார்ந்தே இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பேக்கரிக்காரர் நாயைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

அதை உட்காரவைத்தது தங்கையின் ரொட்டியா, என் ஏழா? நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பேக்கரியின் பின்வாசல். இடது கையில் ஒரு துண்டு ரொட்டியை வைத்து நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்தால் வராது, திரும்பிக்கோ என்றாள் தங்கை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். இன்றும் வராது, எழுந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"அண்ணா, இப்ப பாரு."

கையில் ரொட்டி இல்லை. உள்ளங்கை ஈரமாக இருந்தது.