பகா எண்களைப் பற்றி மட்டும்

நவம்பர் 11, 2024

பிரான்சின் லியோன் நகரில் கணித ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை தரும் அறக்கட்டளைக்காக எழுதிய இரண்டு பக்கத்தைத் துறைத்தலைவர் சுப்பிரமணியன் சாரிடம் காட்டினேன். முழுக்கப் பகா எண்கள். ஏழாம் வகுப்பில் அவை எந்த ஒழுங்குக்கும் அடங்காததைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில் தொடங்கி, இப்போது எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்பதுவரை.

"கணக்கு நல்லாத்தான் இருக்கு. இதுல நீ எங்க இருக்கம்மா? மீனவக் குடும்பம், சுனாமியில அக்கா போயிடுச்சு. அத முதல் பத்தியில வை. படிச்சவுடனே குடுத்துடுவாங்க."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏன் தலையாட்டினேன்?

நவம்பர் 12

சுனாமி வந்தபோது எனக்கு இரண்டு வயது. அக்காவின் முகம்கூட நினைவில்லை. அவள் அம்மாவுடையவள். அவளை எடுத்து நான் எப்படி முதல் பத்தியில் வைப்பது?

நவம்பர் 14

சார் சொன்னதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்து, கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எழுதிக்கோ. உனக்கு உதவுதுன்னா அவ வேணாம்னா சொல்லப்போறா?"

சொல்லிவிட்டு, கழுவிய கூடையையே மறுபடியும் கழுவினாள்.

எழுத மாட்டேன். யார் சொன்னாலும் எழுத மாட்டேன்.

நவம்பர் 18

சாரிடம் சொன்னேன். "அப்போ பரிந்துரைக் கடிதத்துக்கு வேற ஆளப் பாத்துக்கோ" என்றார்.

பாத்துக்கிறேன் சார்.

நவம்பர் 20

கௌரவ விரிவுரையாளர் அருள்பிரகாஷ் சார் எழுதித் தருகிறேன் என்றார். "எனக்கே வேலை நிரந்தரமில்ல சங்கவி. என் கையெழுத்துக்கு அங்க என்ன மதிப்பு இருக்கும்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை. ஆனால் என் நிரூபணத்தை வரிவரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

டிசம்பர் 26

அம்மா இன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 17, 2025

அறக்கட்டளையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வரி மின்னஞ்சல்.

துறைத்தலைவர் வராந்தாவில் நிறுத்தி, "அப்பவே சொன்னேன்ல?" என்றார். ஆமா, சொன்னீங்க. அதுக்கு இன்னா இப்போ? வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். கழிப்பறைக்குப் போய் அழுதேன் — அவர் முன்னால் இல்லை, அதுவரைக்கும் சரி.

அப்பா போட்டிலிருந்து வந்து, விஷயம் கேட்டு, ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஊர்ல அவன் ஒருத்தன்தான் குடுக்கிறானா?"

பிப்ரவரி 19

இல்லை. அதே லியோனில் ஒரு கணித ஆய்வகம் தனியாக உதவித்தொகை தருகிறது. அதே இரண்டு பக்கத்தை அனுப்பினேன். ஒரு சொல் மாற்றவில்லை. ஒரு காற்புள்ளி தப்பாக இருந்தது, அதை மட்டும்.

ஏப்ரல் 24

காணொளியில் நேர்காணல். மூன்று பேர். அப்பாவின் தொழிலைப் பார்த்திருப்பார்கள் போல — முதல் கேள்வியே, கடலியல் பக்கம் ஏன் போகவில்லை?

"கடல் பிடிக்கும். குளிக்க" என்றேன்.

சிரித்தார்கள். பிறகு நரைமுடி அம்மையார் ஒருவர், இரண்டாம் பக்கத்தில் ஒரு படி நிற்காது என்றார். நிற்கும் என்றேன். சண்டையே போட்டேன். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தப் படி இல்லாமலும் முடிவுக்குப் போகலாம் என்று அங்கேயே போட்டுக் காட்டினேன். மீதி நேரம் முழுக்கக் கணக்குதான் பேசினோம். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பொய். எனக்கு அது வேண்டும்.

அக்டோபர் 3, லியோன்

ஆய்வகத்தில் என் அறைக்கதவில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டார்கள். 'குப்பன்' என்று, அப்பா பெயர் மட்டும். படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"என் பேர ஏன்டி அங்க மாட்டினானுங்க? படிக்கப் போனது நீதானே? போய்ச் சொல்லு!"

அலுவலகத்தில் சொன்னேன். குடும்பப் பெயர் மட்டும்தான் போடுவோம், அதுதான் வழக்கம் என்றார்கள்.

தடித்த பேனா ஒன்றை எடுத்துவந்து, குப்பனுக்குக் கீழே நானே எழுதினேன். சங்கவி. தமிழில்.