அத்தர் கலந்த புகை

கீழக்கரை,
3.2.2025

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேச்சை எடுத்தாலே "கடையில கஸ்டமர் நிக்கிறாங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் மெயில். உங்கள் அத்தர் கடையில் வேலை பார்க்கும் என் தம்பி சாதிக், நேற்று வீடியோவில் வாயெல்லாம் புகையாக வந்தான். கேட்டால், "சிகரெட் இல்ல லாத்தா, வேப்பு, பேட்டரில சூடாகி புகை வர்ற குழல். மச்சான் அதுல அகில்கட்டை ஊது அத்தர் கலந்து குடுத்தாங்க, வாசமா இருக்கு" என்கிறான். யா அல்லாஹ்! உங்களுக்கு என்ன பைத்தியமா? உடனே நிறுத்துங்கள்.

உங்கள் நஜீஹா

பர் துபாய்,
5.2.2025

அன்பு நஜீஹா, வஅலைக்கும் ஸலாம்.

எதற்கெடுத்தாலும் பதறுகிறாய். சிகரெட்டை விடத்தான் அவன் வேப்புக்கு மாறினான். அதில் ஊற்றுவது பெரும்பாலும் கிளிசரின்தான், கேக்கில்கூடப் போடுகிறார்கள். நம் அத்தரில் ஆல்கஹால் ஒரு சொட்டும் கிடையாது, ஜும்ஆவுக்குப் பூசிக்கொண்டு போகிறோம். அது என்ன செய்துவிடும்? கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், பாட்டிலில் போட்டு விற்கலாமா என்றும் யோசிக்கிறேன். நம் பிள்ளைக்கு முத்தம்.

அஸீம்

கீழக்கரை,
6.2.2025

மச்சான்,

கேக்கில் போட்டதை வயிறு பார்த்துக்கொள்ளும். சூடாக்கி நெஞ்சுக்குள் இழுத்தால் யார் பார்ப்பது? வெறும் கிளிசரினே அதிகம் காய்ந்தால் கெட்டுப்போய் நெஞ்சைப் புண்ணாக்குமாம், நம் ஊர் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். அத்தர் எண்ணெய் அல்லவா? தேங்காயெண்ணெயைக் காய்ச்சி அந்தப் புகையை நீங்கள் இழுப்பீர்களா? உங்களோடு மாரடித்து அலுத்துவிட்டது. அவனுக்கு இருமல் இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள்.

நஜீஹா

பர் துபாய்,
19.2.2025

நஜீஹா,

சாதிக்கை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நிமோனியா என்று மருந்து ஏற்றியும் மூச்சுத் திணறல் குறையவில்லை. வேப்பில் என்ன ஊற்றினான் என்று டாக்டர் கேட்டார். கடையில் வாங்கியது, வேறொன்றும் கலக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் நம் கடை லைசென்ஸ் போய்விடும். நீ கோபப்படாமல் துஆ செய்.

அஸீம்

கீழக்கரை,
19.2.2025

அஸீம் அவர்களுக்கு,

மெயிலைப் படித்த கையோடு வார்டுக்குப் போன் போட்டு, அத்தர் கலந்ததை நானே சொல்லிவிட்டேன். "எண்ணெயா? நெஞ்சில் எண்ணெய் படிந்தால் அதற்கு மருந்தே வேறு, முதல் நாளே சொல்ல என்ன கேடு?" என்று டாக்டர் கத்தினார். உங்களுக்கு விழ வேண்டிய திட்டை நான் வாங்கிக்கொண்டேன். இப்போதுதான் சரியான மருந்தை ஆரம்பிக்கிறார்கள். பிழைப்பானா என்று அவருக்கே தெரியவில்லை.

நாளை விமானத்தில் வருகிறேன். ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம், வார்டுக்கும் வர வேண்டாம். என் தம்பி மூச்சுக்குத் தவிக்கும்போது எந்தக் கடையைக் காப்பாற்றினீர்களோ, அந்தக் கடையிலேயே இருங்கள்.

நஜீஹா