தேன் தடவிய மீனும் உன் மாமியாரும்

ஆனையூர், மதுரை
11.2.2004

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி பாண்டிராஜும் நல்ல சுகம். கடல் தாண்டி அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற உயிரும் சுகமாக இருக்கவேண்டும் என்று பாண்டி முனி கோயிலில் வேண்டிக்கொண்டு வந்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் மாப்பிள்ளை அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நல்லா இருக்கீங்களா அத்தை என்கிறார், அவர் ஆக்குகிற மீனைப் பற்றியும் அவரைப் பெற்ற அம்மாவைப் பற்றியும் அவர் காதுபட நான் என்னத்தைப் பேச. இதைத் தனியாக இருக்கும்போது படி, படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. விஷயம் என்னவென்றால், போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் சின்னத்தாய் அலங்காநல்லூரிலிருந்து வந்திருந்தார். வளைகாப்புக்கு உன்னை உடனே புறப்பட்டு வரச் சொல்லி நானே என் கைப்பட எழுதவேண்டுமாம். எழுதுகிறேன் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த மீனைப் பற்றி என் மனதில் உள்ளதைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நீ போனில் சொன்னபோதே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆபீஸ் விட்டு வந்து அவர் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார் அம்மா, சால்மன் மீனில் தேன், பழுப்புச் சீனி, சோயா சாஸ், பூண்டு, எலுமிச்சம்பழச் சாறு எல்லாம் கலந்து பூசி, ஓவனுக்குள் மேலே எரிகிற நெருப்புக்குக் கீழே வைத்தால் பளபளவென்று வந்துவிடும் என்று ஏதோ பால்கோவா கிண்டுகிற மாதிரி சொன்னாய். மீனுக்குத் தேனா? சீ! மீன் என்றால் புளியும் மிளகாயும் மல்லியும் அரைத்து ஊற்றி, கொதிக்கிற வாசம் தெருவில் போகிறவனைத் திரும்பிப் பார்க்க வைக்கவேண்டும். சீனியைப் பூசினால் அது மீனா மிட்டாயா? தலையும் கிடையாதாம், வாலும் கிடையாதாம், முள்ளையும் பிடுங்கிவிட்டுத்தான் விற்பார்களாம், அப்புறம் அதில் மீன் என்று என்னதான் மிச்சம். நடுவில் கொஞ்சம் ரோஸாக இருந்தால்தான் பதம் என்றாயே, எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வேகாதது. சோறு கிடையாது, குழம்பு கிடையாது, பக்கத்தில் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி ஏதோ பச்சைத் தண்டு. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் ஆக்கிப்போடுகிற நான் இப்படி ஒரு நாள் போட்டால் பிள்ளைகள் தட்டைத் தூக்கி என் தலையில் கவிழ்த்துவிடுவார்கள். ஆனாலும் பெற்ற மனம் கேட்கவில்லை. ரசம்கூடத் தங்காத உன் வயிற்றில் அந்தக் கருமம் மட்டும் தங்குகிறது என்றால் அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று இருந்தது. அந்த மீன் இங்கே ஏது, கரிமேட்டு மார்க்கெட்டில் சீலா மீன் வாங்கினேன், கதர்க்கடையில் தேன் வாங்கினேன், சாஸை உன் தம்பி பாண்டி ஒரு பிரைடு ரைஸ் கடையில் கெஞ்சி ஒரு சின்னப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு வந்தான். ஓவனுக்கு எங்கே போக, தோசைக்கல்லில்தான் போட்டேன். அவ்வளவுதான், தேன் அடியில் பிடித்துக் கருகிப் புகைந்து, வீடெல்லாம் கரும்பாலைக்குள் கருவாடு காய்ந்த மாதிரி ஒரு நாற்றம். ஒரு வாய் வைத்தேன், தித்திப்பு ஒரு பக்கம், கவிச்சி ஒரு பக்கம், உவ்வே, நேரே கொல்லைக்குப் போய்த் துப்பிவிட்டேன். உன் அப்பா பாவம், கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்துக்கொண்டு முழித்துவிட்டு, இத நாயிக்கு வச்சா அது கோவிச்சுக்கிட்டு வேற தெருவுக்குப் போயிரும் என்றார். அடுத்த நாள் தோசையும் தித்தித்தது. புளியைப் போட்டுத் தேய்த்து, வெங்காயத்தை வதக்கி, அந்தக் கல்லைப் பழக்குவதற்குள் என் கை ஓய்ந்துவிட்டது.

இது நடந்த சூட்டோடுதான் உன் மாமியார் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை, காபி வேண்டாம், பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்து, செத்த எலியைப் பிடிக்கிற மாதிரி ஓரத்தில் பிடித்து என்னிடம் நீட்டினார். மாப்பிள்ளை ஆசையாக அனுப்பியதை யாரோ பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் மாப்பிள்ளை முன்னால் துணி கட்டிக்கொண்டு, பளபளக்கிற மீன் தட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார், நீ காலுக்குத் தலையணை கொடுத்து சோபாவில் படுத்திருக்கிறாய். எனக்கு அதைப் பார்த்ததும் மனது குளிர்ந்துவிட்டது தாயி, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய். அந்தம்மாவுக்கோ அது கொலை நடந்த இடம். என்ன மதினி இது, எம்புட்டுப் படிச்ச பய, அவன் மீனுக்குத் தேன் தடவிக்கிட்டு நிக்கிறான், ஒங்க மக ராணி கணக்காப் படுத்துக்கிட்டு தட்ட வாங்கித் திங்கிறா, இத எங்க ஊருக்குள்ள பாத்தா காறித் துப்ப மாட்டாகளா என்று ஆரம்பித்தார். நானும் பொறுமையாகத்தான் சொன்னேன். மதினி, நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறது, ஒரு தடவை ரத்தம் பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள், நிற்கக் கூடாது, பயணம் கூடாது, மீறினால் பிள்ளைக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். ரத்தம் பட்டதை நீ அவர்களிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், வேறு வழியில்லாமல் சொன்னேன். அதற்கு அந்தம்மா, டாக்டருக எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக, நான் நாத்து நட்டுக்கிட்டே இவனப் பெத்தேன், புருசன ஆக்க விட்டுத் திங்கிறவளுக்கு ரத்தம் ஒரு சாக்கு என்றார். எனக்கு அந்த மீன் குமட்டியதெல்லாம் ஒரு குமட்டலா, இந்தப் பேச்சுக்கு வந்தது பார், அதுதான் குமட்டல். ஒரு பொம்பளை வாயிலிருந்து வருகிற வார்த்தையா இது. பிளேனில் உட்கார்ந்துதானே வரப்போகிறாள், நடந்தா வரப்போகிறாள், ஏழாம் மாதம் எங்கள் வீட்டில் வளைகாப்பு என்று ஊர் பூராவும் சொல்லியாகிவிட்டது, நான் கூப்பிட்டால் மகன் தட்டிக்கழிப்பான், நீங்கள் கூப்பிட்டால் அவள் வருவாள் என்று கணக்காகப் பேசினார். உன் அப்பா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிற மாதிரி இருந்தார், அவர் வீரம் உனக்குத் தெரியாதா.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். கடைசியில் அந்தப் போட்டோவை விரலால் தட்டி, இந்தக் கருமத்த மனுசன் நாக்குல வைக்க முடியுமா, ஒங்க மகளுக்கு வாந்தியெல்லாம் நடிப்பு, நெசமான வாந்திக்காரி இதத் தின்னுவாளா என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முந்தின நாள்தான் நான் கொல்லையில் துப்பிவிட்டு வந்தவள், அந்த நாக்கு என்ன சொன்னது தெரியுமா, ஏன் மதினி வைக்க முடியாது, ருசின்னா அப்படி ஒரு ருசி, நாங்களே இப்ப அடிக்கடி செஞ்சு சாப்புடுறோம் என்றது. உன் அப்பா பேப்பரைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். அந்தம்மா லேசுப்பட்ட ஆளா, அப்பிடியா, எங்க ஆக்குங்க பாப்போம் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்கே வந்து நின்றுவிட்டார். பாண்டியை மறுபடியும் கரிமேட்டுக்கு விரட்டினேன். மிச்சத் தேன், மிச்ச சாஸ், சீனி, பூண்டு எல்லாம் கலந்து பூசினேன், மிளகாய்த்தூள் டப்பாவுக்குக் கை தானாகப் போனது, அந்தம்மா பார்த்துக்கொண்டே நின்றதால் இழுத்துக்கொண்டேன். இந்தத் தடவை தீயைக் குறைத்து, ஓரமாகப் பூசிப் பூசித் திருப்பினேன், கருகவில்லை, பளபளவென்றுதான் வந்தது, பார்க்க அழகு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய. தட்டில் வைத்து அந்தம்மா முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் பாண்டி முனியை நினைத்துக்கொண்டேன். நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டையும் எடுத்தேன், என் வயிறு என்னைத் திட்டிய திட்டு அந்த முனிக்குத்தான் தெரியும். நான் பார்த்த பார்வையில் உன் அப்பாவும் ஒரு துண்டை முழுசாகத் தின்றுவிட்டு, வால் பக்கம் இருந்தாப் போடு என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனுஷன் எனக்காகச் செய்த பெரிய காரியம் அதுதான்.

பிறகு உன் மாமியாரும் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார், மென்றார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சம்பந்தி வீட்டில் துப்பவும் முடியாது. ஒரு வழியாக முழுங்கிவிட்டு, தண்ணி குடுங்க மதினி என்றார். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். அப்புறம், இதையா அவன் வேல முடிஞ்சு வந்து தெனமும் நின்னு ஆக்குறான் என்று கேட்டார். ஆமாம், வேறு எதுவும் அவள் வயிற்றில் நிற்கவில்லை என்றேன். இவன் என் வயித்துல கெடக்கையில மீன் கவிச்சியே எனக்கு ஆகாது, அவுக அப்பாவுக்கு மீன் இல்லாம சோறு எறங்காது, ஆக்கி எறக்கிட்டு வாய்க்கா ஓரம் ஓடி வாந்தி எடுத்துட்டு வந்து பரிமாறுவேன், ஏன்டின்னு ஒரு வார்த்த கேட்டிருப்பாரா அந்த ஆளு, தூ என்றார். அழவில்லை, அந்த மீனைத் துப்ப முடியாததையெல்லாம் சேர்த்துத் துப்புகிற மாதிரி சொன்னார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது, எழுந்து கையைப் பிடித்துக்கொண்டேன். நீயும்தான் என் வயிற்றில் இருந்தாய், நானும்தான் ஆக்கினேன், உன் அப்பாவும்தான் தின்றார். அவர் அப்போது தட்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாகக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். சரி, மனது இளகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். எங்கே! பஸ் ஏற்றிவிடப் போனால், படியில் கால் வைத்துக்கொண்டு, எல்லாஞ் சரிதேன், இருந்தாலும் வரச் சொல்லி எழுதிருங்க மதினி, ஊருக்குள்ள சொல்லிட்டேன்ல, நாளைக்கு எவ வாயில நான் விழுறது என்கிறார். இந்த ஊர் வாய் இருக்கிறதே வாணி, அதை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பாயாசம் குடித்துவிட்டுப் போகிறவர்கள் வாய்க்குப் பயந்து பேரப்பிள்ளை உயிரோடு விளையாடச் சொல்கிறது பார்.

அதனால் நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உன் மாமியார் போனில் கூப்பிடுவார், அழுவார், செத்துப்போவேன் என்பார், நீ இளகிவிடாதே. பதில் நீ சொல்ல வேண்டாம், போனை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடு, நான்தான் அனுப்ப மாட்டேன் என்று அவர் வாயால் சொல்லட்டும், மகன் சொன்னால் அந்தம்மா ஒரு நாள் அழுவார், மருமகள் சொன்னால் ஆயுசுக்கும் அழுவார். ரத்தம் பட்டால் மறைக்காமல் எனக்குச் சொல்லவேண்டும், அம்மா பயப்படுவாள் என்று நீயாக முடிவு செய்யாதே. புதுமண்டபத்தில் கண்ணாடி வளையல் வாங்கிப் பஞ்சில் சுற்றிப் பார்சல் அனுப்புகிறேன், ஏழாம் மாதம் ஒரு நல்ல நாளில் மாப்பிள்ளையே உனக்குப் போட்டுவிடட்டும், எந்தச் சாமியும் கோபிக்காது. எனக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசா கிடைத்தால் பிரசவத்துக்கு நான் வருகிறேன், மிளகாய்த்தூளும் புளியும் என் பெட்டியில் வரும். அதுவரைக்கும் நீ அந்த மீனையே சாப்பிடு. அதை நினைத்தாலே எனக்குக் குமட்டும், என் உயிர் உள்ளவரை இனி வாயில் வைக்க மாட்டேன், அது வேறு. ஆனால் மாப்பிள்ளையிடம் மட்டும், அம்மா செய்து பார்த்தாள், ரொம்பப் பிடித்துப்போய் இரண்டு துண்டு சாப்பிட்டாள் என்று சொல். அவர் சந்தோஷமாக ஆக்கட்டும்.

பாண்டி முனி உன்னையும் மாப்பிள்ளையையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றுவார், நீங்கள் நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும். காலைத் தூக்கி வைத்துப் படு, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. உன் மாமியார் உன்னை வரச் சொல்லி எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். உன்னைப் பெற்றவள் சொல்கிறேன், வராதே.

உன் நினைப்பாகவே இருக்கிற அம்மா,
சி. மலையம்மாள்