ஆறு இரவு, ஏழு பகல்

12 பிப்ரவரி 2024, திங்கள்

அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, ஆம்பூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தன்சீல் அகமதுவின் டிராவல்ஸுக்குப் போனேன். மெக்காவுக்கு உம்ரா யாத்திரை ஆள் அனுப்புகிறவர், தாய்லாந்து டூரும் போடுகிறார்.

"கடலோரமாவே போகணும் பாய். தாய்லாந்து முடியற எடத்துலேர்ந்து கம்போடியா கடைசி வரைக்கும். நடுவுல தீவு இருந்தா அதுவும்."

மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஹனிமூனாம்மா? ஆறு நைட், ஏழு பகல், அருமையா போட்டுடலாம். வூட்டுக்காரர் பாஸ்போர்ட் எங்க?"

"அவரு அங்கதான் பாய் இருக்காரு. அடைச்சு வெச்சிருக்காங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டீ வரவழைத்தார். ஊரில் யாரிடமும் சொல்லாததை அந்த ஆளிடம் போய்க் கொட்டினேன். என் வீட்டுக்காரர் வசந்த் போன செப்டம்பரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை என்று கம்போடியா போனது. அங்கே ஷூவும் இல்லை, தோலும் இல்லை. பூட்டிய கட்டடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, முகம் தெரியாதவர்களைப் பேசி ஏமாற்றச் சொல்லி அடிப்பது. நான் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் 'நடவடிக்கையில் உள்ளது' என்று ஒரே பதில் வருவது.

"எந்த ஊர்ல வெச்சிருக்காங்க?" என்றார்.

ஏதோ கடலோரம் என்று மட்டும்தான் வசந்த் போனில் சொல்லியிருந்தார். ஊர் தெரிந்தால் நான் ஏன் கரை முழுக்கக் கேட்கிறேன்?

18 பிப்ரவரி, ஞாயிறு

போன் வந்தது. நாற்பது விநாடி. ஞாயிறு மதியம் மட்டும்தான் கொடுக்கிறார்கள், பக்கத்தில் ஆள் நிற்கும். "நல்லாருக்கேன்" என்றார். குரல் நல்லாயில்லை. வைப்பதற்கு முன்னால் அவசரமாக, "ஜன்னல்ல கடல் தெரியுது சௌமி. எதிர்ல ஒரு தீவு. சாயந்தரம் சூரியன் அதுக்குப் பின்னாடிதான் எறங்குது" என்றார். அவ்வளவுதான், கட்.

மேற்கு பார்த்த கரை. எதிரே தீவு. போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொரு இடம் இருக்கிறது.

19 பிப்ரவரி

பதினொன்று இல்லை, பதினான்கு.

25 பிப்ரவரி, ஞாயிறு

இன்று போன் வரவில்லை. என்ன செய்தார்களோ.

அத்தை, அதான் வசந்தின் அம்மா, காலையிலிருந்து ஒரே பாட்டு. "எவனா கேட்டா நல்லாருக்கான்னு சொல்லு. மானம் போவுது." நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் எல்லாருக்கும் இன்றுவரை வசந்த் கம்போடியாவில் சூப்பர்வைசர்தான். நானும் சிரித்த முகமாக ஆமாம் போடுகிறேன்.

ஆனால் அத்தையைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவரை அனுப்பியதே நான்தானே. ஆம்பூர் ஆட்கள் எத்தியோப்பியாவுக்கும் வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும் ஷூ வேலைக்குப் போவது புதிதில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் போய் வீடு கட்டியிருக்கிறார்கள். அதனால் கம்போடியா என்றதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்டர்வியூவை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். அப்பரை, அதாவது ஷூவின் மேல்தோலை, அச்சில் இழுக்கும்போது மூக்குப் பக்கம் மடிப்பு விழுந்தால் என்ன செய்வீர்கள், சூடு எவ்வளவு வைப்பீர்கள் என்று அந்த ஆள் தமிழிலேயே கேட்டான். சரியான கேள்விகள். இவர் போனை வைத்துவிட்டு, "கம்பெனி பேரே சொல்லல சௌமி, ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

நான்தான் சொன்னேன். "தொழில் தெரிஞ்ச ஆளுங்க. சும்மா பயப்படாதீங்க, கெளம்புங்க."

பதினொரு வருஷமா செக்கரா இருக்கேன். ஒரு நூல் பிசகினா ஜோடியத் தூக்கிப் போட்டுடுவேன். இதப் பாக்கத் தெரியல எனக்கு. அறிவு கெட்டவ.

3 மார்ச், ஞாயிறு

தன்சீல் பாய் தாளில் போட்டுக் கொடுத்துவிட்டார். முதல் நாள் பாங்காக், பஸ் பிடித்து டிராட். இரண்டாம் நாள் எல்லை தாண்டி கோ காங். மூன்றும் நான்கும் சிஹானூக்வில். ஐந்தாம் நாள் படகில் கோ ரோங் தீவு. ஆறாம் நாள் கம்போட், கெப். ஏழாம் நாள் திரும்பல். என் பதினான்கு இடத்தில் ஒன்பது இதில் வந்துவிடுகிறது. ஏப்ரல் இருபது கிளம்பலாம் என்றார்.

"தீவுல கண்ணாடி மாட்டிக்கினு மீன் பாக்கறது இருக்கு, அதையும் போட்டுடவா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. பாவம், அவர் பயந்துபோனார்.

போய் என்ன செய்யப் போகிறேன்? ஒவ்வொரு கட்டடமாகக் கதவைத் தட்டுவேனா? ஆனால் இங்கே உட்கார்ந்து ஷூ பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த ஜன்னலைக் கண்டுபிடித்து போட்டோ எடுத்து, இதோ இந்தக் கட்டடம் என்று மனுவோடு வைக்கலாம் இல்லையா?

10 மார்ச், ஞாயிறு

இரண்டு நிமிஷம் பேசினார்! "இப்ப அடிக்கறதில்ல சௌமி. வேற சீட்டுல ஒக்கார வெச்சு வேற வேல குடுத்துட்டாங்க. சாப்பாடு நல்லாருக்கு, மீன் போடறாங்க." ஏப்ரலில் வருகிறேன் என்றேன். "வராத. வந்தா ரெண்டு பேரும் மாட்டிப்போம். நானே வந்துடுவேன், கொஞ்சம் பொறு." அத்தை போனை வாங்கி அழுதார்.

என்ன சீட்டு என்று கேட்கத் தோன்றவில்லை.

15 மார்ச், வெள்ளி

விசா வந்துவிட்டது. வராதே என்று சொன்னால் நான் நின்றுவிடுவேனா?

21 மார்ச், வியாழன்

கேன்டீனில் செல்வகுமார் போனைச் சுற்றி நான்கைந்து பேர். செல்வகுமார் எங்கள் லைனில் அப்பரை அச்சில் இழுக்கும் லாஸ்டிங் மெஷின் ஓட்டுகிறவன். அணைக்கட்டு என்ற ஊர்க்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம். ஷூ ஆட்கள் குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறதாம். கம்போடியாவில் புது யூனிட், பத்து பேர் வேண்டும், டிக்கெட் கம்பெனியே போடும். டேய் போகாதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

வசந்த்.

என் வசந்த் குரல். வேறு பேர் சொல்லிக்கொள்கிறார். இவர் வேலை பார்த்தது வேறு கம்பெனி, என் லைனில் யாருக்கும் குரல் தெரியாது. "நம்ம ஊர் ஆளுங்கன்னா இவங்களுக்கு உசுரு தம்பி" என்று சிரிக்கிறார். நடுவில் அந்தச் செருமல் வேறு. எட்டு வருஷமாகக் கேட்கிற செருமல்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். சாப்பாட்டைக் கொட்டிவிட்டு எழுந்தேன்.

24 மார்ச், ஞாயிறு

கேட்டேன். கேட்டே விட்டேன். "அது நீங்கதானே?"

மெதுவாகச் சொன்னார்: "பத்து பேர் சேத்தா என்னைய ஊருக்கு அனுப்பிடுவாங்க. ஆறு பேர் வந்து சேந்துட்டாங்க. உன் லைன் பசங்க உன்னாண்ட வந்து கேப்பாங்க. வேணாம்னு மட்டும் சொல்லிடாத சௌமி. மறுபடி அடி தாங்க மாட்டேன். செத்துடுவேன்."

பத்து பேர். அந்தப் பத்துப் பேருக்கும் வீட்டில் யாரும் இல்லையா? யார் பெத்த புள்ளைங்க? எங்கிட்ட இன்னாத்துக்கு சொன்னீங்க? தெரியாமலே இருந்திருப்பேனே.

ஆறு பேர் ஏற்கெனவே போயாச்சு. நான் என்ன சொன்னாலும் அந்த ஆறு பேர் திரும்பி வரப் போவதில்லை. இன்னும் நான்கு. — இப்படி எண்ண ஆரம்பித்துவிட்டேன். சீ.

26 மார்ச், செவ்வாய்

செல்வகுமார் வந்தான். "அக்கா, அண்ணன் அங்கதானே இருக்காரு? எப்பிடி இருக்காம்? நாங்க நாலு பேர் போலாம்னு பாக்கறோம். எங்க வூட்ல பூங்குழலிதான் வேணாம்னு பேஜார் பண்றா. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவா." நான் பதில் சொல்வதற்குள் அவளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டான்.

"அக்கா, நெஜமாவே நல்ல கம்பெனியா அக்கா?" சின்னப் பெண்ணின் குரல். "எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

சொல்லிவிடுவோம் என்றுதான் மூச்சை இழுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

"சாப்பாடு நல்லாருக்குன்னு சொன்னாரும்மா" என்றேன். "மீன்லாம் போடறாங்களாம்."

பொய் சொல்லல. அவரே சொன்னதுதான். பொய் சொல்லல நான்.

2 ஏப்ரல்

தன்சீல் பாயிடம் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். அவரே வரப்போறாரு பாய் என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுந்தே நின்றுவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

17 ஏப்ரல்

நான்கு பேரும் கிளம்பிவிட்டார்கள். லைனில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். தின்றேன்.

9 ஜூன், ஞாயிறு

வந்துவிட்டார். பதினான்கு கிலோ குறைந்திருக்கிறார். அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டார். அக்கம்பக்கமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

போன் அடித்தால் நடுங்குகிறார்.

14 ஜூலை, ஞாயிறு

பூங்குழலி வந்திருந்தாள். இதுவரை குரல்தான் தெரியும். அணைக்கட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். செல்வகுமார் வீட்டுக்காரி என்று சொன்னதும் இவர் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. "அண்ணன் மட்டும் நல்லபடியா வந்துட்டாருன்னு சொன்னாங்க அக்கா. நீங்கதான் ஏதோ செஞ்சு கூட்டியாந்தீங்களாம். எங்க வூட்டுக்காரரு போன் பண்ணி அழுவுறாரு. நான் நேர்லயே போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். அந்த ஊருக்கு எப்பிடி அக்கா போறது?"

அத்தை அவளுக்குக் காபி கொடுத்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். முதல் நாள் பாங்காக்கில் இறங்கி டிராட்டுக்குப் பஸ், இரண்டாம் நாள் கோ காங் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள்.