ஆற்றங்கரைப் பெரட்டு

இன்று காலை வாடிவீட்டுச் சமையலறை வாசலில் உப்பு மூட்டை இறக்கினார்கள். மழையில் நனைந்த சாக்கு. அந்த வாடை மூக்கில் ஏறியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உன்னைத் திட்டத் தொடங்கினேன். செத்து ஐந்து மாதமான ஆளை இப்படித் திட்டுகிறானே என்று கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

பதுளைக்குக் கீழே ஆற்றோரமாக இருந்த பழைய சந்தை ஊரில் நாம் பார்த்தபோது மிஞ்சியிருந்தவை நாலு கல்தூண்களும் ஓர் இடிந்த மண்டபமும்தான். வாடிவீட்டில் தங்க வரும் விருந்தாளிகளை ஞாயிறுதோறும் அங்கே கூட்டிப்போய்க் கதை சொல்வது உன் வேலை. பசியோடு திரும்புகிறவர்களுக்குச் சோறு போடுவது என் வேலை. கடற்கரையிலிருந்து மாட்டுப் பொதியில் உப்பு வந்த கதையைச் சொல்லிவிட்டு, ஒரு சாக்கு உப்பை அவர்கள் முன்னால் வைப்பாய். "தூக்கிப் பாருங்க, அப்பத்தான் சரித்திரம் வெளங்கும்" என்பாய். கொழும்புக் கனவான்கள் முக்கி முனகித் தூக்குவதைப் பார்க்கவே நான் சில நாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்ததுண்டு.

ஆனால் கிளம்புமுன் நீ நடத்திய பெரட்டு இருக்கிறதே, அது வேறு யாருக்கும் வராது. தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலை நம் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிறார்களே, அதேபோல் விருந்தாளிகளையும் நிறுத்துவாய். "உங்க அப்பா எங்க பொறந்தாரு? தாத்தா எங்க பொறந்தாரு? சீட்டு இருக்கா?" என்று ஒவ்வொருவராகக் கேட்பாய். பிரஜாவுரிமைக்கு மனுப்போட்ட நம் ஆட்களிடம் விசாரணையில் கேட்கிற அதே கேள்விகள். தாத்தாவின் பிறப்புச் சீட்டை எவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவான்? எல்லோரும் கையை விரிப்பார்கள். "அப்ப நீங்களும் நம்ம ஆளுதாங்க, வாங்க போவோம்" என்பாய். சிரித்துக்கொண்டே உன் பின்னால் வருவார்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளைக் காற்சட்டை போட்ட அந்த மனிதர் வியர்த்துப்போய் நின்றார். உன் மனுவை விசாரிக்கப் போகிற அதிகாரியே அவர்தான் என்பது மறுநாள்தான் நமக்குத் தெரிந்தது.

அந்த அதிகாரியின் கந்தோரில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா நல்ல மனிதர். நம்மைத் தேடி வந்து சொன்னார். "தம்பி, அவரிட்டைப் போய் ஒரு மன்னிப்புக் கேளும். இனி அந்தக் கேள்வி கேக்கமாட்டன் எண்டு சொல்லும். உம்மடை பைல் நகரும்."

"அவரு யாருன்னு தெரியாமத்தாங்க கேட்டேன். தெரிஞ்சிருந்தா ரெண்டு தடவ கேட்டிருப்பேன்" என்றாய் நீ.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தைதானடா, சொல்லித் தொலையேன்" என்று கெஞ்சினேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் எரிகிறது. "அவங்க கேட்டா சட்டம், நான் கேட்டா திமிரா?" என்றாய். மூன்று நாள் நான் உன்னோடு பேசவில்லை. உன் மனு தள்ளுபடியானது. அடுத்த ஞாயிறும் நீ விருந்தாளிகளை வரிசையில் நிறுத்தினாய். அன்று நானும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். உனக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எந்த நாட்டுக்கும் ஆளாகாமலே பத்து வருடம் ஓட்டினாய். காய்ச்சல் நாலே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மரணத்தைப் பதிய நான்தான் போனேன். பதிவுகாரர் பேரைக் கேட்டார், வயதைக் கேட்டார். பிறந்த இடத்தைக் கேட்கவேயில்லை. அவராகவே 'இந்தியா' என்று எழுதினார்.

"ஐயா, இவன் இங்க பக்கத்துல லுணுகலையில பொறந்தவன். இந்தியாவுக்குப் போற கடல இவன் கண்ணால கூடப் பாத்ததில்ல."

"தோட்டத்து ஆக்களுக்கு இப்பிடித்தான் எழுதிறது."

"மத்தவங்களுக்கு எழுதினதும் தப்புத்தாங்க. இவனுக்கு எழுத விடமாட்டேன்."

கையெழுத்துப் போட மறுத்து அங்கேயே நின்றேன். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற தோட்டத்துப் பெண்ணிடம், நேரமாகும், நீ முன்னால் போம்மா என்றேன். அவள் நகரவில்லை. "நீங்க பேசுங்கண்ணே. எம்புள்ளைக்கும் அதத்தானே எழுதுவாரு" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அசையவில்லை. கந்தோர் பூட்டும் நேரம் வந்ததும் பதிவுகாரர் பேனாவை எடுத்தார். 'இந்தியா'வின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் லுணுகலை என்று எழுதினார்.

அதன் நகல் என் சட்டைப் பையில் இருக்கிறது. அன்று உன்னைத் தலைகுனியச் சொன்ன வாய் இது. அந்த வெட்கமும் என்னோடுதான் இருக்கிறது, இருக்கட்டும். உயிரோடு இருந்தவரை உனக்குத் தர மறுத்த ஊரைச் செத்த பிறகு எழுத வைத்துவிட்டேன். அழிக்க வருகிறவன் என்னைத் தாண்டி வரட்டும்.