கோள் என்று எழுதப்பட்ட குறிப்பாணை

அனுப்புநர்
முதல் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்
(என் பெயரும் முகவரியும் ஒட்டிய தனி உறையில் உள்ளன. கோப்பு பல மேசைகளுக்குப் போகும். மகளின் அடையாளமும் அதோடு போக வேண்டாம் என்பதற்காக.)

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்
தொடக்கப் பள்ளிகள் பிரிவு

பொருள்: மாணவி சொன்னதைக் கேட்டு உடனே செயல்பட்ட பள்ளி ஆயாவுக்கு வழங்கப்பட்ட குறிப்பாணையை, வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன் ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

உறையின் மேல் புகார் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் அலுவலக வாசலில் அதற்குத்தான் பெட்டி இருக்கிறது. நன்றி சொல்லப் பெட்டி இல்லை. இம்மனுவில் இரண்டும் உண்டு. என் மகள் நலமாக இருக்கிறாள் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

1. மகளுக்கு ஆறு வயது. சென்ற மாதம் 24ஆம் தேதி, விளையாட்டு நேரம் முடிந்து பிள்ளைகள் கைகால் கழுவும் இடத்தில், அவள் வகுப்பு ஆயாவிடம் ஒரு சந்தேகம் கேட்டாள்: "ஆயாம்மா, ஒண்ணு சொன்னா அது கோளா?" அவ்வகுப்பின் சுவரில், எல்லாப் பள்ளிகளுக்கும் வழங்கப்பட்ட 'நல்ல பிள்ளைகள்' என்றொரு அட்டை தொங்குகிறது. அதன் நான்காவது வரி, கோள் சொல்லக் கூடாது என்பது. எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போதுதான் பழகியிருக்கிறாள். அந்த வரியைப் படித்துப் படித்தே இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

2. ஆயா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். படியில் உட்கார்ந்து அவளை அருகில் நிற்க வைத்துக்கொண்டு, "அடுத்தவங்களை மாட்டிவிடணும்னு சொன்னா அது கோள். எனக்கு இது பிடிக்கலை, உதவி வேணும்னு சொன்னா அது சேதி. நீ சேதியைச் சொல்லு கண்ணு" என்றார். வகுப்புத் தோழன் ஒருவன் தன்னைத் தொடக்கூடாத இடத்தில் தொட்டதையும், வேண்டாம் என்ற பிறகும் மறுநாள் அப்படியே செய்ததையும் மகள் சொன்னாள். ஆயா குறுக்கே எதுவும் கேட்கவில்லை. அவள் முடித்த பிறகு, "சொன்னது நல்லது. உன் மேல தப்பே இல்லை. இனிமே பெரியவங்க நாங்க பார்த்துக்கறோம்" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை மகள் எனக்கு அதை அதே வரிசையில் ஒப்பித்தாள்.

3. அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவர் வகுப்பாசிரியரே. அப்பள்ளியில் எந்தச் சண்டையானாலும் இரு பிள்ளைகளும் எல்லோர் முன்னும் கை குலுக்கி 'சாரி' சொல்ல வேண்டும். பென்சில் சண்டைக்கு அது நல்ல வழக்கம்தான். ஆயா விஷயத்தைச் சொன்னதும் ஆசிரியர் பதறிப்போய், பழகிய வழக்கப்படியே இருவரையும் முன்னே அழைத்தார். ஆயா நடுவில் போய் நின்று, "வேணாம் டீச்சர். இந்தப் பிள்ளை இன்னைக்கு அந்தக் கையைத் தொட வேணாம்" என்றார். பையனை ஒரு வார்த்தை திட்டவில்லை. படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, அலுவலக அறையில் எழுத்தரின் கண்ணெதிரே அவனை உட்கார வைத்தார். தலைமை ஆசிரியர் வெளியே ஒரு கூட்டத்தில் இருந்தார். இருமுறை அழைத்தும் கிடைக்கவில்லை. பிறகுதான் ஆயா தன் கைப்பேசியிலிருந்து என்னை அழைத்தார்.

4. என் தவறையும் இங்கே பதிவு செய்வது நியாயம். நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிப்பவள். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு, பதில் மாறுகிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. பள்ளி வாசலில் மகளிடமும் அதையே ஆரம்பித்தேன். இரண்டாம் கேள்வியிலேயே ஆயா என்னைத் தனியே அழைத்து, "திரும்பத் திரும்பக் கேக்காதீங்கம்மா. முதல்ல சொன்னது தப்பு போலன்னு பிள்ளை பதிலை மாத்திடும். மடியில வெச்சுக்கங்க, போதும்" என்றார். பதினெட்டு ஆண்டு அனுபவத்தை அப்படியே விழுங்கிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டேன். அவள் என் தோளிலேயே தூங்கிப்போனாள். அதற்கு முந்தைய இரண்டு இரவுகளும் அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

5. மறுநாள் தலைமை ஆசிரியர் எடுத்த நடவடிக்கைகளில் எனக்குக் குறையில்லை. பிள்ளைகளுக்கான ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். கைகால் கழுவும் இடத்தில் இப்போது எந்நேரமும் பெரியவர் ஒருவர் நிற்கிறார். பையன் அவன் பெற்றோர் சம்மதத்துடன் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டான். அவனும் ஆலோசகரைப் பார்க்கிறான். அவனைப் பள்ளியை விட்டு அனுப்பும்படி நான் கேட்கவில்லை. அவனுக்கும் ஆறு வயதுதான். மகள் பழையபடி சாப்பிடுகிறாள், சண்டை போடுகிறாள். தினமும் மாலையில் ஏழெட்டுச் 'சேதி'யாவது வருகிறது. பாதி, அழிரப்பர் காணாமல் போன சேதி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. புளிக்கட்டும்.

6. இந்நிலையில் இம்மாதம் 6ஆம் தேதி ஆயாவுக்குக் குறிப்பாணை வழங்கப்பட்டு, பிள்ளைகள் வராத பொருள் அறைக்கு அவர் மாற்றப்பட்டுள்ளார். அனுமதியின்றிப் பெற்றோரைத் தொடர்புகொண்டார் என்பதும், ஆசிரியரின் நடவடிக்கையில் குறுக்கிட்டார் என்பதும் முதல் இரண்டு குற்றச்சாட்டுகள். இரண்டும் உண்மை. அவ்விரண்டாலும்தான் என் மகள் நலமாக இருக்கிறாள். மூன்றாவது, 'மாணவரிடையே கோள் சொல்லும் பழக்கத்தை ஊக்குவித்தது'. என் மகள் பயந்த அதே சொல், பள்ளியின் முத்திரையோடு எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை விசாரணையில் அவருடைய பதினொரு ஆண்டு வேலை போகக்கூடும்.

7. சென்ற வாரம் மகள் கேட்டாள்: "நான் சொன்னதாலதான் ஆயாம்மா வரலையா?" நான் பேச்சை மாற்றினேன். ஐயா, அக்கேள்விக்குப் பொய் சொல்லாமல் 'இல்லை' என்று பதில் சொல்லும் நிலை எனக்கு வேண்டும். இல்லாவிட்டால், அடுத்து ஏதேனும் நடந்தால் அவள் சொல்ல மாட்டாள். அவள் வகுப்பில் இன்னும் இருபத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

8. இம்மனுவின் வரைவைப் பையனின் தாயிடம் காட்டினேன். அவரும் நானும் அதுவரை வாசலில் ஒருவரையொருவர் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தோம். நின்றபடியே முழுவதும் படித்தார். பத்தி இரண்டில் 'குற்றம் செய்த மாணவன்' என்று எழுதியிருந்தேன். அதில் விரலை வைத்து, "இதை மட்டும் மாத்துவீங்களா?" என்றார். மாற்றிவிட்டேன். பிறகு, "அன்னைக்கு அவனை யாரும் திருடனாட்டம் நிக்க வைக்கலை. அதுக்கு அந்த அம்மாதான் காரணம். பேனா இருக்கா?" என்று கேட்டார்.

எனவே, குறிப்பாணையை வெள்ளிக்கிழமைக்குள் ரத்து செய்து, ஆயாவை அதே வகுப்பில் மீண்டும் பணியமர்த்தவும், சுவர் அட்டையின் நான்காவது வரியை எல்லாப் பள்ளிகளிலும் நீக்கவும் உத்தரவிடும்படி இருவரும் பணிவுடன் வேண்டுகிறோம். நீக்கிய இடத்தில் என்ன எழுதலாம் என்று ஆயாவிடம் கேட்டால் சொல்வார்.

இடம்: பள்ளிக்கு எதிரே, நகல் எடுக்கும் கடை
நாள்: அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்) மாணவியின் தாய்
(கையொப்பம்) மாணவனின் தாய்