தரையிலிருந்து நாலு விரல்

மதினி,

நேற்றுக் கட்டிய பட்டுப்புடவையை மடிக்க எடுத்தேன். ஆனிச் சாரலில் இலஞ்சிக் கோயில் பிரகாரம் நசநசவென்று கிடந்தும் புடவைக் கரையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. நேற்று அங்கேதான் உங்கள் மகன் கல்யாணம். அதைப் பார்க்க நீங்கள் இல்லாமல் போனது நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

எனக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. அடி உயர்த்திய செருப்புப் போட்டால்தான் இரண்டும் சமமாக நிற்கும். என் கல்யாணமும் இதே கோயிலில்தான். உள்ளே செருப்பு ஏது? கால் வெளியே தெரியாமல் புடவையைத் தரையில் புரளவிட்டுக் கட்டச் சொன்னாள் அம்மா. எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அண்ணனைக் கட்டிக்கொண்டு புதிதாக வந்திருந்த நீங்கள்தான் குறுக்கே விழுந்தீர்கள். என்னை வெறுங்காலோடு நிறுத்தி, தரையிலிருந்து நாலு விரல் விட்டுக் கொசுவத்தை ஏற்றிச் செருகினீர்கள். கால் தெரிகிறதே என்று அம்மா முகம் சுளித்தாள்.

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது அத்த. இவ தடுக்கி விழுந்தாத்தான் ஊரே பாக்கும்."

அன்று மணவறையை மூன்று சுற்றும் விழாமல் வந்தேன். பிறகு எங்கே கிளம்பினாலும் உங்களிடம்தான் கேட்பேன். அருவிக்கு என்றால் கெண்டைக்காலோடு நிற்கிற சுடிதார். நனைந்த துணி காலைப் பின்னும் என்பீர்கள். தென்காசி ஆபீஸுக்குப் பஸ் படி ஏற வேண்டும், அதனால் கணுக்கால் தெரியக் கட்டச் சொல்வீர்கள். செருப்போடு நிற்கிற மண்டப வரவேற்புக்கு மட்டும் தாராளம்: "அங்கன சும்மா நிக்கத்தான போற, மகாராணி கணக்கா இழுத்துவிடுட்டீ."

உங்கள் மகனுக்கு அக்கா தங்கை இல்லாததால் நேற்று நாத்தனார் விளக்கு அத்தையான என்னிடம் வந்தது. இந்தக் காலோடு எரிகிற விளக்கை எப்படிச் சுமந்து சுற்றுவாள், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொந்தக்காரி ஒருத்தி அண்ணன் காதில் ஓதினாள். அண்ணன் தயங்கினார். நான் கொசுவத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிச் செருகிக்கொண்டு விளக்குக்குக் கையை நீட்டினேன்.

மணமக்களுக்கு முன்னால் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தேன். பார்க்கிறவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். திரி அணையவில்லை, ஒரு சொட்டு நெய் சிந்தவில்லை. எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை மதினி. நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே விசில் அடித்திருப்பீர்கள்.

இனி நம் வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் விளக்கு எனக்குத்தான் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.